குளிர்பெட்டிக் கோடு

வாட்டர்லூவில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில்
ஒன்பது கல்லூரிகள்,
தக்காளி வடிவக் காந்தம் ஒன்றின் பிடியில்.
மேலே மூன்று, கைக்கு எட்டாதவை.
நடுவே நான்கு, எக்கினால் எட்டும்.
அடியில் இரண்டு, உட்கார்ந்தபடியே பறிக்கலாம்.
எல்லாம் வணிக இளங்கலை. எல்லாம் அய்லாவின் கையெழுத்து.
ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும்
நூற்றுக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள்,
உதவித்தொகை போக எத்தனை டாலர்.

எனக்கு அந்த ஊர்களைச்
சரக்கு மேடைகளாகத்தான் தெரியும்.
ஒமாஹா: இறைச்சி ஏற்றப் பதினோரு மணி நேரம் காக்கவைத்தார்கள்.
மேடிசன்: பாலாடைக்கட்டி, நல்ல காபி, சுத்தமான கழிப்பறை.
பியோரியா: ஆற்றுப் பாலத்தருகே டயர் வெடித்தது,
அந்த ஊர் வேண்டாம் என்றேன்.
"பாபோ, என்னை டயராவா சேர்க்கப் போறாங்க?"

போன ஞாயிறு பார்த்தால்
முதல் பெயரை அடித்திருந்தாள்.
அளவுகோல் வைத்துப் போட்ட ஒற்றைக் கோடு.
நூற்றுக்கு ஏழு என்றிருந்தது அதுதான்.
ஃபிக்ரெத்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டே
"விரலுக்குத் தக்க வீக்கம்" என்றாள்.
தலையாட்டினேன்.
பதிமூன்றரை அடி உயர வண்டி ஓட்டுகிறவன் நான்;
பதிமூன்றடிப் பாலத்தைக் கண்டால் திரும்பிவிட வேண்டும்.
திரும்பாத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்,
மத்தி மீன் டப்பாபோல் கூரை உரிந்து.

செவ்வாய் இரவு சிகாகோவுக்கு வடக்கே
காகிதச் சுருள்களை இறக்கிவிட்டு,
படுக்காமல்,
ஒளிரும் மஞ்சள் சட்டையோடு நடந்தேன்.
ஏரிக் காற்று காதைக் கடித்தது.
வணிகக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி.
உள்ளே ஒரு பையன் நாற்காலியில் தூங்குகிறான்,
வாய் பிளந்து, மார்பில் மடிக்கணினி,
காலுறையில் ஓட்டை, வெளியே எட்டிப் பார்க்கும் பெருவிரல்.
ஏழு பேரில் ஒருவன்.
இவ்வளவுதானா!
காவலாளி வந்து, "சரக்கு வாசல் பின்பக்கம்" என்றார்.
"சரக்கு இல்லை. பார்க்க வந்தேன்."
"சரி, பாருங்கள்" என்று
அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வீட்டுக்கு அழைத்தேன். மணி பதினொன்றரை.
அந்தக் கோட்டை அழி என்றேன்.
விண்ணப்பக் கட்டணம் நான் தருகிறேன்,
பாலத்தில் மோதினால் மோதட்டும்,
உரிய நமக்குக் கூரை ஏது என்றேன்.
மோசமான உவமை. தெரியும்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
பிறகு, அம்மா தூங்கும் வீட்டின் குரலில்:
"அனுப்பி மூணு வாரம் ஆச்சு, பாபோ.
கட்டணம் தள்ளுபடி வாங்கிட்டேன்,
உங்க வரிக் காகிதமெல்லாம் என்கிட்டதானே இருக்கு.
கோடு குளிர்பெட்டிக்கு மட்டும்.
ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா அம்மா
அந்தத் தொகையைப் பார்த்துட்டு நின்னுக்கிட்டே இருக்காங்க."

கிடைக்காவிட்டால் என்று கேட்டேன்.
"கிடைக்காது. அனேகமா.
அடியில இருக்கற ரெண்டும்
எனக்குப் பிடிக்காத காலேஜ்னு நினைச்சீங்களா?
சீடர் ஃபால்ஸுக்கு இங்கேருந்தே போய்வரலாம்,
அங்கே கணக்கியல் படிக்கணும்னுதான் இருக்கு.
நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் நீங்க?"

வண்டியின் பதிவுக் கருவியில் நான்கே கட்டங்கள்:
ஓட்டம், வேலை, படுக்கை, ஓய்வு.
அந்த ஒன்றேகால் மணி நேரம் எதில் சேரும்
என்று யோசித்தேன்.
ஓய்வு என்று போட்டேன்.

வெள்ளி மாலை வீட்டில்
கோடு அப்படியே இருந்தது.
ஃபிக்ரெத்தா அடுப்பைப் பார்த்துத் திரும்பிய நேரம்
தக்காளியை ஒரு விரற்கடை நகர்த்தி
டாலர் தொகையின் மேல் உட்காரவைத்தேன்.